அம்மா கொடுத்த சிறுநீரகமும் நான் பெற்ற மகளும்

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு ஓரளவு தேறிவிட்ட பெண்கள் என்னைத் தேடிப்பிடித்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, அந்த ஒம்போது மாசத்த எப்படித் தாண்டுனீங்க?" என் பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒன்பது மாதத்தைத் தாண்டுவது பெரிய பாடில்லை. அப்போது ஆளாளுக்கு நம்மைத் தாங்குவார்கள். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று மருத்துவமனையும் விடாது. நம் பொறுப்பில் தனியாக விடப்படுவது அதற்கு முந்தைய ஒரு வருடமும், பிள்ளை பிறந்த பிறகு வரும் ஒரு வருடமும்தான். சறுக்குவதற்கு இடம் அங்கேதான் அதிகம். அதனால் நானும் அவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எனக்கு ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்து வீட்டை விட்டு இப்போது தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், இருக்கிறோம். வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், நான் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இருபதுகளின் நடுவில் ஐஜிஏ என்ற சிறுநீரக நோய் வந்து இரண்டு சிறுநீரகமும் போயின. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயலிசிஸ். நாட்டில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கோலாலம்பூர் மருத்துவமனையில் 1975-இல் முதல் சிறுநீரக மாற்று நடந்து இத்தனை வருடமாகியும், தானம் கிடைப்பது இங்கே குதிரைக்கொம்புதான். எனக்கு அம்மாவின் சிறுநீரகம் பொருந்தியது. அறுவை முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் இந்தக் கதை தொடங்குகிறது.

சிறுநீரகம் பழுதாகிக் கிடக்கும்போது மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும். டயலிசிஸில் இருக்கும் பெண்ணுக்குக் கரு தங்குவது அபூர்வம். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிய சில மாதங்களிலேயே கருத்தரிக்கும் சக்தி திரும்பிவிடும் என்பது பலருக்கும் தெரியாது. எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வந்தபோது அத்தை, அதாவது என் மாமியார், சாமிக்கு வேண்டிக்கொண்டார். "இனிமே அது பாட்டுக்கு நடக்கட்டும்" என்றார். அது பாட்டுக்கு நடக்க விடவே கூடாத காலம் அதுதான்.

காரணம் மாத்திரை. மாற்று உறுப்பை உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்காமலிருக்க நாங்கள் பெரும்பாலும் மூன்று மருந்து சாப்பிடுகிறோம்: டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன். இதில் நடுவில் சொன்னதுதான் வில்லன். அதைச் சாப்பிட்டுக்கொண்டே கருத்தரித்தவர்களில் 45 முதல் 49 விழுக்காட்டினருக்குக் கரு கலைந்திருக்கிறது. உயிரோடு பிறந்த பிள்ளைகளிலும் 23 முதல் 27 விழுக்காட்டுக்குக் காது, உதடு, இதயம் போன்றவற்றில் பிறவிக் குறை. பொதுவாகப் பிறக்கும் பிள்ளைகளில் அப்படிப்பட்ட குறை இரண்டு மூன்று விழுக்காடுதான். ஆகவே பிள்ளை வேண்டுமென்று நினைத்தால் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே மைக்கோஃபினோலேட்டை நிறுத்தி, அசாதயோப்ரினுக்கு மாறவேண்டும். அதுவும் நாமாக நிறுத்தக்கூடாது, மருத்துவர் மாற்றித் தரவேண்டும். மாறிய பிறகு புது மருந்தில் சிறுநீரகம் நிலையாக நிற்கிறதா என்று சில மாதம் பார்ப்பார்கள். ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோபிரில், லோசார்டன் போன்றவை சாப்பிட்டால் அவையும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. எனக்கு லேபெட்டலோல் கொடுத்தார்கள். மெதில்டோபா, நிஃபெடிபின் என்று வேறு வழிகளும் உண்டு.

இந்த மாற்றமெல்லாம் முடிகிற வரை கருத்தடை கட்டாயம். புதுசாகக் கல்யாணமான பெண்ணிடம் இதைச் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வராது. மருத்துவரிடம் கேட்க நமக்கும் கூச்சம், கூட நிற்கும் அம்மாவுக்கு அதைவிடக் கூச்சம். நான் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வீட்டுக்காரரோடு உள்ளே போனேன். உங்களுக்கும் அதையே சொல்வேன், அந்த ஒரு சந்திப்புக்காவது கணவன் மனைவி இருவர் மட்டும் போங்கள்.

எப்போது பச்சைக்கொடி? அமெரிக்க வழிகாட்டிகள் அறுவைக்குப் பிறகு ஒரு வருடம் பொறுக்கச் சொல்கின்றன. ஐரோப்பாவில் இரண்டு வருடம் என்பதுண்டு. வருடக் கணக்கைவிட ரத்தக் கணக்குதான் முக்கியம் என்று என் மருத்துவர் சொன்னார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கழிவான கிரியேட்டினின், லிட்டருக்கு 133 மைக்ரோமோலுக்குக் கீழே நிலையாக இருக்கவேண்டும். சிறுநீரில் புரதம் போகக்கூடாது, போனாலும் மிகச் சொற்பமாகத்தான் இருக்கவேண்டும். அண்மையில் உடம்பு உறுப்பை நிராகரிக்கப் பார்த்த சம்பவம் இருக்கக்கூடாது, ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கவேண்டும், பெரிய தொற்று எதுவும் இருக்கக்கூடாது. இப்படி இருப்பவர்களுக்குக் கர்ப்பத்தால் மாற்றுச் சிறுநீரகத்தின் ஆயுள் குறைவதாகப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஏற்கெனவே தளர்ந்துபோன சிறுநீரகமாக இருந்தால்தான் ஆபத்து. அப்படிப்பட்டவரிடம் நான் ஒரு வார்த்தையும் ஊக்கமாகப் பேசுவதில்லை. என்னைப் பார்த்து ஆசைப்பட்டு டயலிசிஸுக்குத் திரும்பிவிட்டால் யார் பதில் சொல்வது?

அம்மாவிடம் சம்மதம் கேட்கவேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. சட்டமும் கேட்கவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை. ஆனால் தன் வயிற்றைக் கீறி எடுத்துக் கொடுத்தவர், அதை நான் பணயம் வைக்கப்போகிறேன் என்றால் ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கரண்டியைத் திருப்பிக்கொண்டே, "குடுத்ததுக்கப்புறம் அது உன்னோடது. என்கிட்ட என்ன கேக்குற? டாக்டர்கிட்ட கேளு" என்றார். அப்புறம் ராத்திரி, "மறுபடி அந்த மெஷின்ல மட்டும் உன்னைய பாக்க வச்சிராத" என்று தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார். இரண்டையும் ஒரே ஆள் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

தைரியத்துக்குப் பழைய கதை ஒன்றும் கிடைத்தது. அமெரிக்காவில் எடித் ஹெல்ம் என்ற பெண்ணுக்கு 1956-இல் அவருடைய இரட்டைச் சகோதரியின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். 1958 மார்ச்சில் அறுவை மூலம் ஆண் குழந்தை பெற்றார். மாற்று உறுப்போடு பிள்ளை பெற்றவர்களில் முதல் ஆள் அவர்தான், 2011 வரை உயிரோடு இருந்தார். ஆனால் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் என்பதால் அவருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தேவைப்படவில்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நம் பாடு மாத்திரையோடுதான்.

இனி நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். எஸ்டேட் டவுனில் இருப்பவளுக்கு மூன்று வாசல். சிறுநீரக மாற்றுக்கான தொடர் சிகிச்சை கோலாலம்பூரில், மகப்பேறு நிபுணர் ஈப்போவில், மாதாமாதம் எடை பார்த்துக் கொதிப்பு பார்க்கும் சுகாதாரக் கிளினிக் நம்மூரில். மூன்றுக்கும் மூன்று கோப்பு. ஒன்றில் எழுதுவது இன்னொன்றுக்குப் போவதில்லை. கிளினிக் மிஸ்ஸி, அதாவது தாதி, என் பிங்க் புத்தகத்தை (கர்ப்பிணிகளுக்கான பதிவேடு) வைத்துக்கொண்டு என் மருந்துகளை எழுத இடம் தேடியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் எழுதி, அங்கேயும் இடம் போதாமல் ஒரு தாளை ஒட்டினார். குற்றம் அவருடையதல்ல, எங்களைப் போன்றவர்களுக்காக அந்தப் புத்தகம் அச்சடிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மூன்று இடத்துக்கும் தூது போவது நாம்தான். நான் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி இடதுபக்கம் மருந்தின் பெயர், எந்தக் கம்பெனி மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று எழுதினேன். வலதுபக்கம் ஒவ்வொரு முறையும் வந்த கிரியேட்டினின், டாக்ரோலிமஸ் அளவு, கொதிப்பு. கம்பெனி பெயர் எதற்கென்றால், டாக்ரோலிமஸ் ஒவ்வொரு கம்பெனியுடையதும் உடம்பில் ஒரே மாதிரி ஏறாது. நாளுக்கு ஒருமுறை சாப்பிடுவதும் உண்டு, இருமுறை சாப்பிடுவதும் உண்டு. மருந்தகத்தில் பெட்டியின் நிறம் மாறியிருந்தால் கவுண்டரை விட்டு நகராமல் அங்கேயே கேளுங்கள். கடைசிப் பக்கத்தில் அறுவைக் குறிப்பின் நகலை ஒட்டிவைத்தேன். புதுச் சிறுநீரகம் வலப்பக்கமா இடப்பக்கமா, அதிலிருந்து வரும் சிறுநீர்க்குழாய் எப்படிப் போகிறது என்று அதில் இருக்கும். நடுராத்திரி அவசரமாக வயிற்றைத் திறக்க நேர்ந்தால், கத்தி எடுப்பவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தாள்தான்.

ரத்தப் பரிசோதனை நாளில் ஒரு விஷயம். டாக்ரோலிமஸ் அளவு பார்ப்பது காலை மாத்திரைக்கு முன்னால். வழக்கம்போல் விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும், அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடுவார்கள். மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த கையோடு அங்கேயே விழுங்கவேண்டும். அதிகாலை ரயிலில் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் போகிற நாளில், போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மாத்திரை நேரம் ரொம்பத் தள்ளிப்போகாத மாதிரி ரத்தம் எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மாதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் குறைந்துகொண்டே வரும், அதனால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். மூன்றாம் மாத முடிவிலிருந்து சிறு அளவு ஆஸ்பிரின் கொடுத்தார்கள், கர்ப்பகாலக் கொதிப்பு நோயைத் தடுக்க அது உதவும். மாதாமாதம் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நமக்குத் தொற்று வந்தாலும் எரிச்சலே தெரியாமல் இருக்கலாம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சர்க்கரையை ஏற்றும் என்பதால் சீனித் தண்ணீர் குடித்துப் பார்க்கும் சோதனையை என்னை முன்கூட்டியே செய்யவைத்தார்கள். மசக்கையில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் மறுபடி விழுங்குவதா வேண்டாமா என்பதை முதல் வாந்திக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்துக்கொண்டே போன் போடமுடியாது.

சாப்பாட்டில் ஒன்றுதான் எங்கள் பக்கத்துக்கே உரியது: பம்ளிமாஸ். ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புன் பம்ளிமாஸ் நாட்டுக்கே பேர்போனது. பார்க்க வருகிறவர்கள் மாசமாயிருக்கும் பெண்ணுக்கென்று வலையில் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவருவார்கள். அந்தப் பழத்தில் இருக்கும் ஒரு பொருள், டாக்ரோலிமஸை உடம்பு செரித்துத் தள்ளுவதைத் தடுத்துவிடும். மருந்து ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறிச் சிறுநீரகத்தையே தாக்கும். கிரேப் ஃபுரூட் ஆகாது என்று துண்டுத் தாளில் போட்டிருப்பார்கள். நம் வீட்டுக்கு வருவது கிரேப் ஃபுரூட் இல்லை, அதன் தாயாதியான பம்ளிமாஸ். இரண்டுக்கும் ஒரே தடைதான். மாடு வளர்ப்பவர்கள் பாசமாகக் கொடுக்கும் பாலை நன்றாகப் பொங்க விட்டுக் காய்ச்சாமல் தொடக்கூடாது. வளைகாப்பை வைத்துக்கொண்டோம், ஆனால் இருமல் சளி இருப்பவர்கள் மன்னிக்கவும் என்று வீட்டுக்காரரே போனில் சொல்லிவிட்டார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். கோபம் ஆறிவிடும்.

பிரசவம். மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றின் ஓரத்தில், முன்பக்கமாக இருக்கும். அது பிள்ளை வரும் வழியை அடைக்காது, அதனால் சுகப்பிரசவம் ஆகக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. இருந்தாலும் பாதிக்கு மேல் அறுவையில்தான் முடிகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2011-இல் போட்ட கணக்கில், இப்படிக் கருவுற்றவர்களில் 73 விழுக்காட்டினர் உயிரோடு பிள்ளை பெற்றிருக்கிறார்கள். 57 விழுக்காட்டினருக்கு அறுவை, 45 விழுக்காட்டுக்கு மேல் குறைமாதம், 27 விழுக்காட்டினருக்குக் கர்ப்பகாலக் கொதிப்பு நோய். எனக்கும் கடைசியில் கொதிப்பு ஏறியது. 36 வாரம் முடிந்த கையோடு அறுவை செய்து மகளை எடுத்தார்கள். எடை குறைவு, ஆனால் குரல் வார்டுக்கே கேட்டது.

அறுவை முடிந்து மயக்கம் தெளிவதற்குள் ஒன்றைச் சொல்லி வைத்திருக்கவேண்டும், நாம் அரைத்தூக்கத்தில் இருப்போம் என்பதால் கூட இருப்பவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். பிரசவ அறுவை வலிக்கு வால்டரேன், போன்ஸ்தான் போன்றவை கொடுப்பது வழக்கம். அந்த வகை வலி மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாது, டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் இன்னும் மோசம். வேலை நேரம் மாறி வந்த புதுத் தாதி ஒருவர் மாத்திரைத் தட்டோடு வந்தபோது வீட்டுக்காரர்தான், "மிஸ்ஸி, இவங்களுக்குக் கிட்னி மாத்தியிருக்கு, இது ஆகுமா, பாருங்க" என்று கேட்டார். பார்த்தார், எடுத்துக்கொண்டு போய்விட்டார், பாராசிட்டமால் வந்தது. ருபெல்லாவுக்கு எதிர்ப்பு இல்லாத தாய்மாருக்குப் பிரசவம் முடிந்ததும் ஊசி போடுவதுண்டு. அது உயிருள்ள கிருமியிலிருந்து செய்தது, நமக்குக் கூடாது. பிள்ளைக்குப் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவார்கள். ஊசி ஏறுவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் நாம் சாப்பிட்ட மருந்துகளின் பட்டியலைக் காட்டிவிடவேண்டும்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். எல்லாருடைய கண்ணும் இப்போது பிள்ளை மேல். தாயைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லமுடியாது, இருக்கிறார்கள், ஆனால் வேறு விதத்தில்.

பிள்ளை பெற்ற உடம்புக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட எங்கள் தாமானில் மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு மலாய்க்கார அம்மா வருவார். மலாய் வீடு, தமிழ் வீடு எல்லாவற்றுக்கும் அவர்தான். அத்தை எனக்குத் தெரியாமலே பேசி வைத்துவிட்டார். இஞ்சி வாசம் அடிக்கும் எண்ணெய்ப் புட்டியோடும் வயிற்றில் சுற்றும் நீளத் துணியோடும் வந்து உட்கார்ந்தார். வேண்டாமென்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கைலியைக் கொஞ்சம் இறக்கி வலப்பக்க அடிவயிற்றில் பழைய தழும்பைக் காட்டினேன். அவர் கையைப் பிடித்து அந்த மேட்டின் மேல் வைத்து, உள்ளே என் அம்மாவின் சிறுநீரகம் இருக்கிறது, இடுப்பில் இல்லை, இங்கேதான், தோலுக்கு அடியிலேயே என்று மலாயில் சொன்னேன். அழுத்தாமல் உள்ளங்கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு துணியை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, "காலும் தோளும் மட்டும் செய்யட்டுமா?" என்றார். நன்றாகவே செய்தார். வயிற்றை உருவுவதும் இறுக்கிக் கட்டுவதும் மாற்றுச் சிறுநீரகக்காரிக்குக் கூடாது. ஆனால் வந்தவரை எதிரியாக்கத் தேவையில்லை, எங்கே தொடக்கூடாது என்று தொட்டுக் காட்டினால் போதும்.

பத்தியம் அப்படிச் சுலபமாக முடியவில்லை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு ஊதும், உடம்பு குளிர்ந்துவிடும் என்று இங்கே தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவருமே ஏதோ ஒரு வடிவில் நம்புகிறார்கள். நமக்கோ தண்ணீர்தான் மருந்து. தாய்ப்பால் கொடுக்கிறவள் தண்ணீரையும் குறைத்தால் சிறுநீரகம் வாடிப்போகும். அத்தையோடு வாதாடவில்லை. வெந்நீர் என்றால் அவருக்குச் சம்மதம், எனக்கும் வேண்டியது தண்ணீர்தானே, சூடாக இருந்தால் என்ன? ஒரு லிட்டர் பிளாஸ்க்கை நிரப்பி வைத்து அதை நாள் முழுக்கக் காலியாக்கி நிரப்பினோம். பிரசவ லேகியத்தையும் ஊரிலிருந்து வந்த மருந்து உருண்டையையும் மட்டும் நான் தொடவில்லை. அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று செய்தவருக்கே முழுதாகத் தெரியாது. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் சாப்பிட்டேன், அதுவும் பத்தியம்தானே.

தாய்ப்பால் விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். "மருந்துப் பாலைக் குடுக்காதே" என்று சொந்தக்காரர்கள். இங்கே உள்ள விஷயம் எளிது: டாக்ரோலிமஸ், அசாதயோப்ரின், பிரெட்னிசோலோன் மூன்றும் பாலில் மிகச் சொற்பமாகவே போகின்றன, கொடுக்கலாம். மைக்கோஃபினோலேட்டுக்குத் திரும்பினால் கொடுக்கக்கூடாது. ஆகவே எப்போது பழைய மருந்துக்கு மாறுவது என்பதும் எத்தனை மாதம் பால் கொடுப்பது என்பதும் ஒன்றோடொன்று பிணைந்த முடிவு. அதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரோடு பேசிவிடுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு டாக்ரோலிமஸ் அளவு மறுபடி ஏறும், கூட்டின மாத்திரையைக் குறைக்கவேண்டும். முதல் சில வாரம் ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது இதனால்தான். ஆனால் தையல் ஆறாத வயிறு, கையில் பச்சைக் குழந்தை, ரயிலேறிக் கோலாலம்பூர் போவது யாருக்கு முடியும்? இதையும் முன்பே கேட்டு வைத்தோம். ரத்தம் எடுப்பது ஈப்போவில், முடிவைப் பார்த்து அளவு சொல்வது கோலாலம்பூரிலிருந்து போனில் என்று ஏற்பாடானது. பிரசவம் பார்த்த பிறகு கேட்டிருந்தால், விடுமுறையில் யார், பணியில் யார் என்றே தெரியாமல் அலைந்திருப்போம்.

மாத்திரை நேரம்தான் உண்மையான போராட்டம். காலை எட்டு, இரவு எட்டு. சரியாக அந்த நேரத்துக்குத்தான் பிள்ளைக்குப் பசி வரும், வயிறு வலிக்கும், துணி நனையும். தூக்கமில்லாத தலைக்கு மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகும். சாப்பிட்டதை மறுபடி சாப்பிடுவதும் ஆபத்து, விட்டுவிடுவதும் ஆபத்து. ஏழு நாளுக்கும் காலை மாலை அறை வைத்த டப்பா ஒன்று வாங்கினோம். அறை காலியாக இருந்தால் சாப்பிட்டாயிற்று, யோசிக்கவே வேண்டாம். அலாரம் என் போனில் மட்டுமல்ல, வீட்டுக்காரர் போனிலும் அம்மா போனிலும் அடிக்கும். லாரி எந்த ஆலை வாசலில் நின்றாலும் இரவு எட்டுக்கு "போட்டியா?" என்று ஒரு வார்த்தை வரும். வேறு எதுவும் பேசமாட்டார். தாய்மார் பிள்ளையின் ஊசித் தேதியை மறப்பதில்லை, தன் மாத்திரையைத்தான் மறக்கிறார்கள். உறுப்பை நிராகரிக்க உடம்பு தொடங்கினாலும் ஆரம்பத்தில் வலிக்காது. ரத்தத்தில்தான் தெரியும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2023 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் பிரசவ விடுப்பு 98 நாள், கணவருக்கு 7 நாள். குறைமாதமாகும் வாய்ப்பு நமக்கு அதிகம் என்பதால் கடைசி மாதம் வரை காத்திராமல் முதலாளியிடம் சீக்கிரமே பேசிவிடுவது நல்லது. மருத்துவமனை நாட்களுக்கு எழுதிக் கொடுக்கும் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புத் தாளை ஒன்றுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் தவழ்ந்து, நடந்து, இப்போது தாடிகா, அதாவது பாலர் பள்ளி, போகிறாள். தாடிகாவென்றால் கிருமிச் சந்தை. சளி, கைகால்வாய்ப் புண், வயிற்றுப்போக்கு எல்லாம் வீட்டுக்கு வரும், அவளிடமிருந்து எனக்கும் வரும். கை கழுவுவதைத் தவிர அதற்குப் பெரிய வித்தை இல்லை. எனக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுப்பதில்லை, அன்றே மருத்துவமனை. டிங்கியும் எலிக் காய்ச்சலும் உள்ள ஊரில் இது இன்னும் அவசியம்.

அம்மை மட்டும் தனி. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நீர்க்கொப்புளம் போட்டுவிட்டது என்று ஆசிரியை சொன்னார். நம் வீடுகளில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவோம், மருத்துவரிடம் போகமாட்டோம், ஆத்தா வந்திருக்கிறாள் என்போம். வேப்பிலை செருகுவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை, அம்மா செருகினார். ஆனால் அன்று மதியமே சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பார்க்கும் மருத்துவமனைத் தாதிக்குப் போன் போட்டேன். எதிர்ப்பு அடக்கப்பட்ட உடம்பில் சின்னம்மை நுரையீரல் வரை போகும், உயிரையே எடுக்கலாம். தடுப்பு மருந்து கொடுப்பதென்றாலும் அம்மை போட்டவரோடு பழகிய சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தும் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் விட்டார்கள். மகளுக்கு அதற்கான தடுப்பூசியைத் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட்டோம். கூட இருப்பவர்களுக்கு ஊசி போடுவதும் நமக்குப் பாதுகாப்புதான்.

"அடுத்தது எப்போ?" என்று கேட்கிறார்கள். கல்யாண வீட்டில், பந்தியில், கோயில் வரிசையில். பிரசவத்துக்குப் பிறகு என் கிரியேட்டினின் பழைய இடத்துக்கு முழுதாக இறங்கவில்லை, கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. மருத்துவர் கூடாது என்று சொல்லவில்லை, யோசியுங்கள் என்றார். நாங்கள் யோசித்து, ஒன்று போதும் என்று முடிவெடுத்து, கருப்பைச் சாதனம் பொருத்திக்கொண்டேன். மைக்கோஃபினோலேட்டுக்குத் திரும்பிவிட்டேன். அத்தைக்கு வருத்தம்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று மட்டும் கேட்டார்.